ஆப் ரெடி, பதினோரு பேர் ரெடியா?

வார இறுதி டென்னிஸ் பால் லீக்குக்கு ஒரு செயலி செய்து தருவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். முதலில் லோகோவைப் போட்டுவிடுங்கள். மட்டை, பந்து, பின்னால் ஒரு மின்னல். பெயர் இங்கிலீஷில் இருக்கட்டும். நடுவில் ஓர் உயிரெழுத்தைத் தின்றுவிட்டால் முதலீட்டாளருக்குப் பிடிக்கும். இதெல்லாம் முடிவதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும், பாதி வேலை முடிந்த திருப்தியும் வந்திருக்கும். அந்தத் திருப்தியைக் கெடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்குப் போவது. ஆகவே போக வேண்டாம்.

போனால் என்னவாகும் என்றும் சொல்லிவிடுகிறேன். சென்னை தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லீவு நாள் காலையில் அங்கே குறுக்கும் நெடுக்குமாகப் பல மேட்சுகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு மேட்சின் லாங் ஆன், இன்னொரு மேட்சின் அம்பயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். உருண்டு வரும் பந்து எந்த மேட்சுடையது என்று துரத்துகிறவருக்கே பாதி தூரம் ஓடிய பிறகுதான் தெரியும். நீங்களோ 'ஒரு நேரம், ஒரு மைதானம், ஒரு மேட்ச்' என்று டேட்டாபேஸில் அழகாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதை ஏன் கலைத்துக்கொள்ள வேண்டும்?

அதைவிடப் பெரிய ஆபத்து, அங்கே அண்ணனைச் சந்தித்துவிடுவீர்கள். எல்லா லீக்கிலும் ஒரு அண்ணன் உண்டு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், முட்டி போயிருக்கும், ஆடுவதை நிறுத்தி நாளாகியிருக்கும். டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கத்தில் ஸ்டம்ப் பை, சட்டைப் பையில் புதுப் பந்து, கக்கத்தில் லாங் சைஸ் நோட்டு. அட்டவணை போடுவது, கிரவுண்டுக்குச் சொல்லி வைப்பது, ஒவ்வொரு டீமிடமும் பீஸ் கேட்டு அலைவது, அம்பயர் வராவிட்டால் தானே நிற்பது, சண்டை வந்தால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது எல்லாம் அவர்தான். அவரிடம் பத்து நிமிஷம் பேசினால், நீங்கள் வரைந்து வைத்திருக்கும் திரைகளில் முக்கால்வாசி யாருக்கும் தேவைப்படாது என்று தெரிந்துவிடும். பேசாதீர்கள். 'பயனர் ஆய்வு' என்ற இடத்தை நிரப்ப, ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் பேட்மின்டன் ஆடுகிறவர் என்றால் இன்னும் நடுநிலையாகச் சொல்வார்.

அடுத்தது டீம் பதிவு. ஒரு டீமுக்குப் பதினோரு பேர் என்று விதி வைத்துவிடுங்கள். பத்துப் பேரைச் சேர்த்தால் சிவப்பு எழுத்தில் 'பிழை' என்று வர வேண்டும். காலை ஆறரை மணிக்கு எட்டு பேரோடு டாஸ் போட வந்து நிற்கும் கேப்டன் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத் திருந்துவார். எதிர் டீம் பெருந்தன்மையாக ஓர் ஆளைக் கடன் கொடுக்கும். அந்த ஆள் இரண்டு பக்கமும் ஃபீல்டிங் நிற்பார், சில இடங்களில் இரண்டு பக்கமும் பேட்டிங்கும் பிடிப்பார். அவருக்கு ஜோக்கர் என்று பேர். போதாததற்கு ஒருவர் தம்பியையும் கூட்டி வந்திருப்பார். அவன் ஒப்புக்குச் சப்பாணி. உங்கள் டேட்டாபேஸில் ஓர் ஆட்டக்காரர் ஒரு டீமுக்குத்தான் சொந்தம். ஜோக்கரையும் சப்பாணியையும் சேர்க்க வழி வைத்தால் அட்டவணை அசிங்கமாகிவிடும், விட்டுவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆதாரில் உள்ளபடி முழுப்பெயர், இனிஷியல், புகைப்படம். அண்ணன் நோட்டில் 'பால் பூத் கார்த்தி', 'சோடாபுட்டி கார்த்தி', 'ஏர்டெல் கார்த்தி' என்று மூன்று பேர் இருப்பார்கள். உங்கள் செயலியில் மூவரும் 'கார்த்திகேயன்' ஆகிவிடுவார்கள். யார் மூன்று விக்கெட் எடுத்தது என்பது அன்று மாலை தெருவில் தீர்மானிக்கப்படும். டீம் பெயரும் அப்படித்தான். ஒரே பெயரில் இரண்டு டீம் கூடாது என்று வைத்துப் பாருங்கள். 2007-இல் 'சென்னை 600028' வந்ததிலிருந்து ராக்கர்ஸ், ஷார்க்ஸ் என்று பேர் வைக்காத ஏரியா ஏது?

இனி முக்கியமான கட்டம்: நாளைக்கு யார் வருகிறார்கள்? இதற்கு இரண்டு பொத்தான் போதும் என்று நினைப்பீர்கள். 'வருகிறேன்', 'வரவில்லை'. சனிக்கிழமை இரவு ஒரு டீமின் வாட்ஸ்அப் குழுவை எட்டிப் பாருங்கள். ஒன்பது மணிக்கு கேப்டன், "நாளைக்கு 6.30 ரிப்போர்ட்டிங், யாரெல்லாம் வரீங்க?" என்று கேட்டிருப்பார். இரண்டு கட்டைவிரல் வரும். அதில் ஒன்றுக்கு 'வருகிறேன்' என்று பொருள், இன்னொன்றுக்கு 'படித்துவிட்டேன்' என்று பொருள். "மச்சி பாக்குறேன்." "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்." "நைட் ஷிப்ட்டுடா, அப்படியே தூங்காம வந்துடறேன்." நடுவில் ஒருவர் வடிவேலு மீம் போடுவார், பதினோரு பேர் அதற்குச் சிரிப்பார்கள். பதினொன்றே முக்காலுக்கு ஒருவர், "எந்த கிரவுண்டு?" என்பார். காலை ஆறேகாலுக்கு கேப்டன் போன் அடித்தால், "வந்துட்டே இருக்கேன் மச்சி" என்று பதில் வரும். பின்னணியில் மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

'வரவில்லை' என்ற பொத்தானை நம்மூரில் ஒருவரும் அமுக்க மாட்டார். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை. 2022-இல் வாட்ஸ்அப்பே வாக்கெடுப்பு வசதியைக் கொண்டுவந்தது. அதிலும் 'வருகிறேன்' என்று அமுக்கியவர்களைக் கொண்டு இரண்டு டீம் போடலாம், மைதானத்தில் எண்ணினால் ஒரு டீமே தேறாது. கெட்டிக்காரராக இருந்தால், சொன்ன பதிலை ஓரமாக வைத்துவிட்டு, 'வருகிறேன்' என்று சொன்ன நாட்களில் இவர் எத்தனை தடவை வந்து சேர்ந்தார் என்று கேப்டனுக்கு மட்டும் காட்டுவீர்கள். அண்ணன் மண்டையில் அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் அவர் சில பேருக்கு மட்டும் காலையில் போன் செய்கிறார். ஆனால் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். ஒவ்வொருவருக்கும் மணிக்கொரு தரம் நோட்டிஃபிகேஷன் அனுப்புங்கள். மூன்றாம் நாள் எல்லோரும் அதை மியூட் செய்துவிடுவார்கள், பிரச்சினை தீர்ந்தது.

அட்டவணை போடும் பகுதிக்கு வரும்போது உங்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. இது உண்மையிலேயே அழகான கணக்கு. எட்டு டீம், எல்லோரும் எல்லோருடனும் ஒரு தடவை என்றால் 28 மேட்ச். ஒரு டீமை அசையாமல் நிறுத்திவிட்டு மற்ற ஏழையும் வட்டமாக ஒவ்வோர் இடமாக நகர்த்தினால், ஏழு சுற்றில் முடிந்துவிடும். எந்த ஜோடியும் இரண்டு தடவை மோதாது. ஒன்பதாவதாக ஒரு டீம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்ந்தால் மேட்ச் 36 ஆகும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டீம் சும்மா உட்கார வேண்டும். நாக் அவுட் என்றால் இன்னும் சுலபம்: எத்தனை டீமோ அதில் ஒன்று குறைத்தால் மேட்ச் எண்ணிக்கை. இருபது வரியில் நிரல் எழுதிவிடலாம். எழுதி, ஓட்டிப் பார்த்து, ஒரு காபி குடியுங்கள்.

பிறகு அந்த அட்டவணை ஆடி மாதக் கூழ் ஊற்றலில் மோதும். வளர்பிறை முகூர்த்த நாளில் மோதும். விக்கெட் கீப்பருக்கு அக்கா கல்யாணம், ஓப்பனருக்கு அதே மண்டபத்தில் பந்தி பரிமாறும் பொறுப்பு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு வந்தால் பாதி டீம் ஹால் டிக்கெட்டோடு வேறு ஊருக்குப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பிட்ச் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் உள்ள நாளில் யாரும் ஆட மாட்டார்கள். கட்சிப் பொதுக்கூட்டத்துக்கு மைதானத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் தெரியும். இவற்றை எல்லாம் அண்ணன் ஒரு தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு, பென்சிலால் சமாளிக்கிறார். பென்சில் என்பதைக் கவனியுங்கள். உங்கள் செயலியிலோ அட்டவணையை வெளியிட்ட பிறகு மாற்ற முடியாது, ஏனென்றால் நீங்கள் ஒழுங்கை மதிக்கிறவர்.

ஸ்கோர் போடும் திரைதான் செயலியின் முகம். இங்கே மெல்லிய சாம்பல் நிறப் பின்னணியில் அதைவிடச் சற்றே அடர்ந்த சாம்பல் எழுத்துப் போடுங்கள். ஏசி அறையில் அருமையாக இருக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற அளவிலாவது வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன, ஆண்ட்ராய்டோ, பொத்தான் 48 அலகுக்குக் குறையக் கூடாது என்கிறது. அவர்கள் மே மாதப் பத்து மணி வெயிலில், வியர்வைக் கட்டைவிரலோடு ஸ்கோர் போடுகிறவரை நினைத்து எழுதியிருப்பார்கள் போலும்.

எம்சிசியின் கிரிக்கெட் விதிகளின்படி ஒரு மேட்சுக்கு இரண்டு ஸ்கோரர்கள். இருவரும் அடிக்கடி ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நம் லீக்கில் ஸ்கோரர் என்பவர் சற்று முன் டக் அவுட் ஆன கோபத்தில் இருப்பவர், அல்லது அடுத்து இறங்கப்போகும் பதற்றத்தில் பேடு கட்டிக்கொண்டே போட்டுக்கொண்டிருப்பவர். விக்கெட் விழுந்தால் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாங்கியவருக்கு அந்தப் போனின் லாக் பேட்டர்ன் தெரியாது.

ஓர் ஓவரைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். ஏழாவது ஓவர், நான்காவது பந்து. லெக் சைடில் போகிறது. பேட்டிங் டீம் ஆளான அம்பயர் ஆனந்தமாகக் கையை விரிக்கிறார். கீப்பர் பிடிக்காமல் விட, ஒரு ரன் ஓடுகிறார்கள். ஃபீல்டர் எறிந்தது ஸ்டம்பில் படாமல் எதிர்ப்பக்கம் பவுண்டரிக்குப் போகிறது. விதிப்படி ஓடிய ஒன்று, எல்லைக்கு நான்கு, வைடுக்கு ஒன்று, ஆக ஆறு, ஆறும் வைடு கணக்கில். உங்கள் திரையில் வைடு பொத்தானை அமுக்கினால் 0 முதல் 4 வரைதான் இருக்கிறது. பேட்டிங் டீம், "ஆறு போடுடா!" என்கிறது. ஃபீல்டிங் கேப்டன், "வைடுல ஓவர் த்ரோ கிடையாதுன்னு போன வாரம் நீதானே சொன்னே? ரெண்டுதான்!" என்கிறார். ஸ்கோரர் அவசரத்தில் சிக்சரை அமுக்கி ஆறைக் கொண்டுவருகிறார். இப்போது பேட்ஸ்மேன் கணக்கில் சிக்சர், ஓவரில் ஒரு பந்து குறைவு, அடுத்த பந்தில் யார் ஸ்ட்ரைக் என்பது தனிச் சண்டை. 'பின்னால் போ' என்ற பொத்தானை எங்கே வைத்தீர்கள்? அமைப்புகளுக்குள், மேம்பட்டவைக்குள், மூன்றாவது பக்கத்தில். நன்று. ஒரு ஸ்கோர் செயலியின் மொத்த உயிரும் அந்த ஒரு பொத்தானில் இருக்கிறது என்று வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உள்ளூர் விதிகளுக்கும் இடம் கொடுக்காதீர்கள். எம்சிசி புத்தகத்தில் 42 விதி. லீக்கில் அதற்கு மேல் பேபி ஓவர் உண்டு, ட்ரையல் பால் உண்டு. எல்பிடபிள்யூ கிடையாது. கையை மடக்கி எறிந்தால் 'மாங்கா' என்று நோ பால். பக்கத்து அபார்ட்மென்ட்டுக்குள் நேராகப் போனால் அவுட், பந்தையும் அடித்தவனே வாங்கித் தர வேண்டும். இந்தக் கடைசி விதி செக்யூரிட்டியின் மனநிலையைப் பொறுத்து வாராவாரம் மாறும்.

ரன் ரேட்டைச் செயலி தானாகப் போட்டுவிடும் என்று அறிவிப்பில் பெரிதாக எழுதுங்கள். எடுத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க வேண்டும். ஒரு சூட்சுமம் இருக்கிறது: 6.4 ஓவர் என்றால் ஆறு ஓவரும் நான்கு பந்தும், வகுக்கும்போது அது 6.67. அப்படியே 6.4 ஆல் வகுக்கும் நிரலை எழுதிவிட்டு, ஃபைனலுக்கு முந்தின நாள் கண்டுபிடியுங்கள், சுவாரசியம் கூடும். இன்னொரு சூட்சுமம், ஆல் அவுட் ஆனால் முழு ஓவரும் ஆடியதாகக் கணக்கு. பத்து ஓவர் மேட்சில் ஏழு ஓவரில் 60 ரன்னுக்குச் சுருண்டால் ரேட் 8.57 கிடையாது, 6. "எட்டரை வரணும்ணா, உங்க ஆப்பு தப்பு" என்று ஒரு கேப்டன் வருவார். எட்டு பேரோடு வந்த டீம் ஏழாவது விக்கெட்டிலேயே ஆல் அவுட் ஆகிவிட்டதே, அதற்கு என்ன செய்வீர்கள்? உங்கள் செயலி பத்தாவது விக்கெட்டுக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கும்.

மழைக்கு டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையைச் சேர்க்க வேண்டும் என்று ஆசை வரும். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை வந்து, கடைசியில் ஸ்கோர் பலகை ஒரு பந்தில் 22 என்று காட்டிய கூத்துக்குப் பிறகு பிறந்த முறை அது. 1997-இல் முதல் தடவை பயன்பட்டது. நம் லீக்கில் மழை வந்தால் ஆளுக்கொரு பாயின்ட், டீக்கடை.

ஆட்டக்காரர் விவரப் பக்கத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். செயலியைத் திறக்கிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது தன் பக்கத்தைத்தான், அநேகமாகக் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். ஒரு மேட்சில் இறங்கி 3 பந்தில் 12 அடித்தவருக்கு ஸ்ட்ரைக் ரேட் 400. அது வருஷம் முழுக்க அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் போட்டுக்கொண்டிருந்த நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தியும் டென்னிஸ் பால் வழியாக வந்தவர்தான். ஆகவே யார்க்கர் போடத் தெரிந்த எவரிடமும் 'இதெல்லாம் எதற்கு' என்று கேட்காதீர்கள்.

வயது கேட்கும் இடத்தில் ஒரு சிக்கல். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். டீமின் வேகப்பந்து வீச்சாளர் பிளஸ் டூ படிக்கிறார். கெமிஸ்ட்ரி ட்யூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவர் அப்பாவுக்கு ஓடிபி அனுப்புங்கள்.

பணம். லீக்கின் எல்லாக் கோளாறும் வந்து சேருகிற இடம் இது. என்ட்ரி பீஸ் எவ்வளவு என்று கேட்டு, கார்டு, நெட் பேங்கிங், வாலட் என்று நாலு வழி வையுங்கள். 2016-இல் யுபிஐ வந்த பிறகு அண்ணனுக்கு வருவது பணத்தைவிட அதிகமாக ஸ்கிரீன்ஷாட்தான். கேப்டன் பதினோரு பேரிடமும் வசூலித்து அனுப்புவார்; அதில் நாலு பேர் 'அடுத்த வாரம் சேர்த்துத் தரேன்' பட்டியல். இரண்டு தவணையாக வரும், பாதி கையில் வரும், ஒரு பங்கு பந்து வாங்கியதில் கழிந்துவிடும். உங்கள் செயலிக்குத் தெரிந்தது 'கட்டியாயிற்று', 'கட்டவில்லை' இரண்டுதான். சொந்த லீக்கிலேயே ஃபேன்டஸி நடத்தி நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றிவிட்டது. பெட் மேட்ச் பணம் வழக்கம்போல டீக்கடைக்காரர் கையிலேயே இருக்கட்டும்.

'கிரிக்ஹீரோஸ்' மாதிரி ஏற்கெனவே ஊரெல்லாம் ஸ்கோர் போடும் செயலி இருக்கிறதே என்று யாராவது கேட்டால், "நாங்க வேற மாதிரி" என்று சொல்லிவிட்டு, மின்னலைக் காட்டுங்கள்.

வெளியிடும் நாள் வந்துவிட்டது. கூகுள் ஒரே ஒரு தடவை 25 டாலர் வாங்கும், ஆப்பிள் வருஷாவருஷம் 99 டாலர். லிங்க்கை அண்ணனுக்கு அனுப்புங்கள், அவர் எல்லாக் குழுவிலும் போடுவார். "அண்ணா, ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது" என்று பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் இறக்கிவிடுவார்கள். மைதானத்தில் சிக்னல் இல்லாததால் ஓடிபி வராது. நெட் இல்லாமலும் ஓடும்படி செய்திருக்கலாமே என்று கேட்கக் கூடாது, அது இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. கடைசியில் ஒரே ஒருவர் போனில் செயலி ஓடும். அவர் பாயின்ட்ஸ் டேபிளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார், எட்டு டீமும் அதைத்தான் பார்க்கும். படமாக அனுப்ப ஒரு பொத்தான் நீங்கள் வைக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் பேட்டரி 4 சதவீதம் என்பதும் சேர்ந்து வரும்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் போன் செய்வார். மரியாதைக்காக முதலில், "ஆப்பு சூப்பர் தம்பி, கலர் எல்லாம் நல்லாருக்கு" என்பார். பிறகு, "தம்பி, ரெண்டு டீம் இன்னும் பீஸ் பாக்கி வெச்சிருக்கானுங்க. நான் கேட்டா கோச்சுக்கறானுங்க. பாயின்ட்ஸ் டேபிள்லயே அவனுங்க பேருக்குப் பக்கத்துல பாக்கி எவ்வளவுன்னு வர்ற மாதிரி பண்ண முடியுமா? ஆப்பு கேக்குதுன்னு சொல்லிடுவேன்" என்று கேட்பார். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த வெர்ஷனில் டார்க் மோட் வருகிறது.